முன்கூட்டிய இளைப்பாறுதல்: அரச ஊழியருக்கு ஒரு கணக்கு, எம்மவருக்கு வேறொரு கணக்கு

ஜேர்மனியின் தொழில் அமைச்சர் பேர்பல் பாஸ் அம்மையார் 2025 மே மாதத்தில் ஒரு கருத்தை வெளியிட்டார். நிரந்தர அரச உத்தியோகத்தரும் ஏனைய தொழிலாளரைப் போன்று ஓய்வூதியக் காப்புறுதிக்குப் பணம் செலுத்த வேண்டும் என்பதே அது. அடுத்த நாளே அரச ஊழியர் சங்கங்களிடமிருந்தும் கூட்டணிக் கட்சிகளிடமிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. இந்த விவாதம் எமக்குத் தொலைவானதென எம்மவர் பலர் எண்ணக்கூடும். ஆனால் எண்பதுகளில் இங்கு அசூல் கேட்டு வந்த இளைஞர்கள் இன்று அறுபதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளிற் சிலர் ஆசிரியராகவும் பொலிசாராகவும் அரச அலுவலகங்களிற் பணி புரிகின்றனர். ஒரே வீட்டுக்குள் இரு வகையான ஓய்வூதியச் சட்டங்கள் வந்து சேர்ந்துள்ள காலம் இது.

நிரந்தர அரச உத்தியோகத்தர் ஓய்வூதியத்துக்கென ஒரு சதமும் செலுத்துவதில்லை. அரசே வரிப்பணத்திலிருந்து வழங்குகிறது. சேவையாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் இறுதிச் சம்பளத்தில் 1.79375 வீதம் கணக்கிடப்பட்டு, நாற்பது ஆண்டுகளில் 71.75 வீதமாகிறது. அதற்கு மேல் ஏறாது. ஓய்வூதியக் காப்புறுதியிலுள்ள தொழிலாளிக்கோ இறுதிச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்த ஊதியம் புள்ளிகளாக மாற்றப்படுகிறது. நாட்டின் சராசரி ஊதியத்தை ஓராண்டு பெற்றவருக்கு ஒரு புள்ளி. 2025 யூலை முதலாந் திகதி தொடக்கம் ஒரு புள்ளியின் மாதப் பெறுமதி 40.79 யூரோவாக நிர்ணயிக்கப்பட்டது.

மக்களை நீண்டகாலம் உழைக்குமாறு இன்று வற்புறுத்தும் அரசு, தன் சொந்த ஊழியரை எவ்வாறு நடத்தியது என்பதை நினைவூட்டுதல் தகும். 1994 இல் ரயில் சேவையும் 1995 இல் தபால் சேவையும் பங்கு நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது, பல்லாயிரம் உத்தியோகத்தர் மேலதிகமாயினர். நிரந்தர உத்தியோகத்தரை வேலைநீக்கம் செய்ய இயலாது. ஆகவே 55 வயதில் வீட்டுக்கு அனுப்பும் சட்டம் இயற்றப்பட்டது. தபால் நிறுவனங்களில் இந்த வழி பின்னரும் புதுப்பிக்கப்பட்டது. 2017 தொடக்கம் இளைப்பாறுவோர் ஓராண்டு பொதுத்தொண்டோ அதற்கு ஈடான சமூகப் பணியோ குடும்பப் பராமரிப்போ செய்தல் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஓய்வூதியத்திற் கழிவு எதுவும் இல்லை. ஆசிரியர்கள் வேறு வழியிற் சென்றனர். 2000 ஆம் ஆண்டில் இளைப்பாறிய உத்தியோக ஆசிரியரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் சேவையாற்ற இயலாத உடல்நிலை என்ற காரணத்தாலேயே விலகினர். 2001 இல் அதற்கும் கழிவு விதிக்கப்பட்டதும் அத்தொகை விரைவாக வீழ்ந்தது. நோய் குறைந்ததா, கழிவே மருந்தாயிற்றா என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறோம்.

இன்று 1964 இலோ அதன் பின்னரோ பிறந்த எவருக்கும் வழமையான ஓய்வு வயது 67. சமஷ்டி அரசின் உத்தியோகத்தர் விரும்பினால் 63 இல் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு ஆண்டுக்கும் 3.6 வீதம், ஆகக்கூடியது 14.4 வீதம் கழிக்கப்படும். மாநிலங்களின் சட்டங்களும் பெரும்பாலும் இதையொட்டியவையே. பலர் இந்த 14.4 ஐ மட்டுமே பார்க்கின்றனர். உண்மையில் இழப்பு இரண்டு. 67 இல் நாற்பது ஆண்டுச் சேவை நிறையும் ஒருவர் 63 இல் விலகினால் சேவை 36 ஆண்டுகளாகிறது. 71.75 வீதம் 64.58 ஆகக் குறைகிறது. அதிலிருந்து கழிவு போக எஞ்சுவது சம்பளத்தின் 55.28 வீதமே. எனினும், மருத்துவச் செலவில் 70 வீதத்தை அரசு ஏற்கும் சலுகை அவருக்குத் தொடர்கிறது.

இளைய தலைமுறைக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இளைப்பாறுதல் வேறு, பதவி விலகல் வேறு. நிரந்தர உத்தியோகத்தர் ஒருவர் தாமே பதவி விலகினால் அந்த ஓய்வூதிய உரிமையும் மருத்துவச் சலுகையும் அற்றுப்போகின்றன. அவர் சேவை செய்த ஆண்டுகளுக்கு அரசு பின்னோக்கிக் காப்புறுதிப் பணம் செலுத்திச் சாதாரண ஓய்வூதியக் காப்புறுதியில் சேர்த்துவிடும். 2013 தொடக்கம் சமஷ்டி அரசும், சில மாநிலங்களும், இதற்கு மாற்றாக வேறொரு முதுமைக் கொடுப்பனவை வழங்குகின்றன. தம் மாநிலத்தில் அது உண்டா என்பதை அறியாமல் விலகற் கடிதம் கொடுத்தல் ஆகாது. ஒப்பந்த அடிப்படையிற் பணிபுரியும் அரச ஊழியர் தொழிலாளரின் காப்புறுதியிலேயே உள்ளனர். அவர்களுக்கு அதற்கு மேல் ஒரு துணை ஓய்வூதியமும் உண்டு. அதைப் பெற அறுபது மாதப் பங்களிப்பு வேண்டும்.

இனி, உணவகத்திலும் தொழிற்சாலையிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்த எம்மவர் நிலை. 45 ஆண்டுகள் பங்களித்தவர் கழிவின்றி முன்னரே இளைப்பாறலாம் என்ற சட்டம் 2014 இல் வந்தது. 1964 முதற் பிறந்தோருக்கு அந்த வயது 65. ஆனால் 22 வயதில் இங்கு வந்து, மறுநாளே வேலை தொடங்கி, ஒரு நாளும் விடாது உழைத்தாலும் எம்மவருக்கு 67 இலேயே 45 ஆண்டுகள் நிறையும். மறுநாளே வேலை தொடங்க எவரும் விடவில்லை என்பதே உண்மை. அசூல் விண்ணப்பதாரருக்கான வேலைத்தடை 1987 இல் ஐந்தாண்டுகளாக நீட்டப்பட்டு 1991 இல் நீக்கப்பட்டது. பின்னர் 1997 மே 15 இற்குப் பின் வந்தோருக்கு மீண்டும் முழுத்தடை விதிக்கப்பட்டு, 2001 இலேயே தளர்த்தப்பட்டது. முகாமில் சோசல் உதவியில் முடங்கிய அந்த ஆண்டுகளுக்குப் புள்ளி இல்லை. கையிற் காசாக வாங்கிய மணித்தியாலங்களுக்கும் இல்லை.

எனவே எம்மவருக்கு எஞ்சியிருப்பது 35 ஆண்டுகள் என்ற இரண்டாவது வாசல். 63 இல் போகலாம், மாதத்துக்கு 0.3 வீதம் கழியும். 35 ஐ எண்ணும்போது சில காலங்கள் கூட வருகின்றன. பிள்ளை பத்து வயதாகும் வரை ஜேர்மனியில் வளர்த்த காலம் அவற்றுள் ஒன்று. 17 வயதின் பின் பாடசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ படித்த காலமும் எட்டு ஆண்டுகள் வரை சேரும். அது வெளிநாட்டிற் படித்ததாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த இரண்டாண்டு ஓய்வூதியத் தொகையைக் கூட்டாது. ஆயினும் 33 ஆண்டுகளுடன் நிற்பவரை 35 இற்குக் கொண்டு சேர்க்கும். பாடசாலை அதிபரின் சான்றிதழை மொழிபெயர்த்து ஓய்வூதியக் காப்புறுதிக்கு அனுப்பி, கணக்கைச் சரிபார்க்குமாறு கோரலாம்.

வாசல் திறந்திருப்பதாற் புகுந்துவிடவும் கூடாது. சராசரி ஊதியத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு, மேற்சொன்ன பெறுமதியில், 67 இல் ஏறத்தாழ 1,632 யூரோ. அவரே 63 இல் விலகினால் 36 புள்ளிகள், கழிவு போக 1,257. அரைச் சராசரி ஊதியம் பெற்ற சமையற்கூடத் தொழிலாளிக்கு 816 என்பது 628 ஆகும். கழிவு 67 வயதில் நீங்கிவிடும் என எம்மவரிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கழிவு சாகும்வரை நிற்கும். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் பங்கிலும் தொடரும். 50 வயதிலிருந்து விசேட பணம் செலுத்தி இக்கழிவை ஈடுசெய்ய முடியும். ஆனால் அது பல்லாயிரம் யூரோ. 2023 தொடக்கம் முன்கூட்டிய ஓய்வூதியத்துடன் எவ்வளவும் உழைக்கலாம் என்பது ஒரு ஆறுதல். உத்தியோகத்தருக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இல்லை.

குறைந்த ஓய்வூதியத்தை அரசின் முதியோர் அடிப்படை உதவி நிரப்பும் என்ற நம்பிக்கையிலும் பலர் உள்ளனர். அவ்வுதவி வழமையான ஓய்வு வயதிலேயே தொடங்கும். 63 இல் போனவருக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அது கிடையாது. அதனைப் பெறுபவர் நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் தங்கினால், திரும்பும்வரை கொடுப்பனவு நிறுத்தப்படும். மாரி காலத்தை ஊரிற் கழிக்க எண்ணியிருப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். உழைத்துப் பெற்ற ஓய்வூதியத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

தாயகத்தில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இருந்துவிட்டு வந்தோர், அச்சேவைக்காலம் இங்கு சேருமா எனக் கேட்கின்றனர். இலங்கைக்கும் ஜேர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை, சேராது. நாடு திரும்பிக் குடியேற விரும்பும் இலங்கைக் குடியுரிமையாளர் இங்கு கட்டிய பணத்தில் தம் பங்கை மட்டும், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின், கட்டாயக் காப்புறுதி முடிந்து இரண்டாண்டுகள் கழிந்திருந்தால், மீளக் கோரலாம். தொழில் வழங்குநரின் பங்கு கிடையாது. பெற்றுக்கொண்டவுடன் முழு உரிமையும் அழிந்துவிடும். 60 வயதை அண்டியவர் இந்தப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், மாதாந்த ஓய்வூதியமாக எவ்வளவு வரும் என்ற கணிப்பை எழுத்தில் கேட்டுப் பெறல் வேண்டும். ஓய்வூதியக் காப்புறுதியின் ஆலோசனை நிலையங்களில் அது இலவசம்.