வைஃபை கிடைக்கும் வரை மோட்டார் ஓடட்டும்னு யார் சொன்னது?

பெரணமல்லூரிலிருந்து கடலைப் பார்க்கணும்னா கிழக்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போகணும். அந்த ஊரில், பட்டுத்தறிக்குப் பக்கத்து அறையில், அறுபது லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இதைக் கேட்டால் நம்ம கிளாஸில் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "கன்ட்ரோலர் நீயே பண்ணியா? ஆப் இருக்கா?" என்பார்கள். ஆப் இருக்கு. ஆனா அந்தக் கேள்வியே தப்புன்னு சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். ரீஃப் தொட்டி என்று சொன்னாலும் இதில் பவளம் கிடையாது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குப் பக்கத்தில். கடல் விசிறியும் அதே கதைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தைக் காப்பாற்ற 1986-லேயே தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதை உடைத்து எடுத்து வந்து என் ரூமில் எல்ஈடி வெளிச்சத்தில் வைப்பதில் எனக்கு ஆசை இல்லை. "யாரோ கொண்டு வந்து தர்றேன்னாங்க" என்று யாராவது சொன்னால் நீங்களும் தள்ளி நில்லுங்க. என்னிடம் இருப்பவை குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த ரெண்டு கோமாளி மீன், காய்ந்த பாறை, கொஞ்சம் பாசி. போன ஏப்ரல் வரை ஒரு இறாலும் ரெண்டு நத்தையும் இருந்தன.

அவை எப்படிச் செத்தன என்பதுதான் இந்தக் கட்டுரை.

மீன் தொட்டிக் கன்ட்ரோலர் என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பெரிய கவலை ஹீட்டர். நமக்கு? மே மாசம் எங்க ஊரில் ஹீட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். தண்ணீரைக் குளிர்விக்கணும். சில்லர் விலை நம்ம பட்ஜெட்டில் இல்லை, அதனால் தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேன். ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், மண்பானை தத்துவம். ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆனா தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிடும். கோடையில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை காணாமல் போகிறது. அதை நல்ல தண்ணீரால் ஈடு கட்டாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆக, நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் வேண்டும், ஃபேன் இருந்தால் தானியங்கி டாப்-அப் மோட்டார் வேண்டும். நம்ம ஊரில் ஆபத்தான கருவி ஹீட்டர் அல்ல, அந்தச் சின்ன மோட்டார்தான். இதை யாரும் எனக்குச் சொல்லலை.

நான் செய்தது வழக்கமான செட்-அப். ஈஎஸ்பி8266 போர்டு, டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், ஒரு மிதவை சுவிட்ச், நாலு ரிலே, பத்து லிட்டர் ஆர்ஓ தண்ணீர் கேன். எங்க வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா ரூட்டர் சுவிட்சை அணைச்சிடுவாங்க. கன்ட்ரோலர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் பிரச்சினை வந்ததில்லை. ஏப்ரலில் ஒரு நாள் விடிகாலை ரெண்டு மணிக்குக் கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் வந்தது. போர்டு புதிதாக பூட் ஆனது. என் கோடில் முதல் வரி, ரிலே பின்னை அவுட்புட் ஆக்குவது. ஆக்கியவுடன் அந்தப் பின் லோ-வில் இருக்கும். நம்ம லேபில் கிடைக்கும் ரிலே மாட்யூல் பெரும்பாலும் ஆக்டிவ்-லோ, அதாவது லோ என்றால் ஆன். ரெண்டாவது வரி, வைஃபை கிடைக்கும் வரை காத்திரு. மோட்டாரை அணைக்கும் வரி அதற்கும் கீழே இருந்தது.

ரூட்டர் அணைந்திருக்கிறது. வைஃபை எப்படி வரும்? வாட்ச்டாக் டைமர் காப்பாற்றியிருக்கலாமே என்பீர்கள். காத்திருக்கும் லூப்புக்குள் இருந்த டிலே அதைச் சமாதானம் செய்துகொண்டே இருந்தது. கேன் காலியாகும் வரை மோட்டார் ஓடியது. பாதித் தண்ணீர் தொட்டியில், பாதி தரையில். 35-இல் இருந்த உப்பளவு காலையில் ஏறக்குறைய 30. மீன்கள் தாக்குப்பிடித்தன. இறாலும் நத்தைகளும் இல்லை. அதுக்கு முன்னாடி பகலில் கரண்ட் போய் வந்தபோதெல்லாம் ஒரு நிமிஷம் மோட்டார் ஓடியிருக்கிறது. "டிக்" சத்தத்தை நானே கேட்டிருக்கேன். கண்டுக்கலை. ஆப்பில் கிராஃப் அழகா வந்துகொண்டிருந்தது.

அப்பா கைத்தறிக்காரர், சின்ன வயசில் கொஞ்ச வருஷம் விசைத்தறி ஷெட்டில் இருந்தவர். தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஊடை அறுந்தா தறி தானா நிக்கும்டா. உன் மோட்டாருக்கு அந்த அறிவு இல்லையா?" விசைத்தறியில் ஊடை நூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஒரு முள் உண்டு. நூல் இல்லை என்றால் தறி நிற்கும். ப்ராசஸர் இல்லை, வைஃபை இல்லை, அந்தக் காலத்து இரும்பு.

ஆனா அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. தறிக்கு நிற்பதுதான் பாதுகாப்பு. தொட்டியில் எல்லாம் நின்றால் ஆக்சிஜன் இல்லாமல் மீன் சாகும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் "மூளை செத்தால் நீ என்ன செய்வாய்?" என்று தனித்தனியாகக் கேட்கணும். சுழற்சி பம்ப் ஓடணும், அதை ரிலேயின் என்சி முனையில் மாட்டுங்க. போர்டு செத்தாலும் பம்ப் ஓடும். ஃபேனும் அப்படியே. டாப்-அப் மோட்டாரும் ஹீட்டரும் என்ஓ முனையில். இந்தப் பட்டியலை எழுதிய பிறகுதான் கோடு எழுதணும். நான் தலைகீழாகச் செய்தேன்.

சென்சாருக்கும் இதே கேள்விதான். டிஎஸ்18பி20-இன் ஒயர் கழன்றால் நாம் எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரி -127 என்று சொல்லும். "25-க்குக் கீழே போனால் ஹீட்டர் ஆன்" என்று எழுதியவர் நிலைமையை யோசித்துப் பாருங்க. கத்திரி வெயிலில் ஹீட்டர் எரியும், ஃபேன் நிற்கும், ரெண்டும் ஒரே நேரத்தில். பவர் வந்தவுடன் சரியாகப் படிக்கா விட்டால் 85 என்று வரும். இந்த ரெண்டு எண்ணையும் வெப்பநிலையாக நம்பும் கோடு நம்ம டிபார்ட்மென்ட்டில் எத்தனை ப்ராஜெக்டில் இருக்கிறது? என்னுடையதில் இருந்தது.

"இதுக்கு ரெடிமேடா வாங்கலாமே, இல்லேன்னா ரீஃப்-பை போட்டுக்கலாமே" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயம்தான். ரஞ்சிப் தே தொடங்கிய ரீஃப்-பை ஓபன் சோர்ஸ், கோ மொழியில் எழுதியது, ராஸ்பெர்ரி பையில் ஓடும். இன்டர்நெட் இல்லாமலும் தன் வேலையைப் பார்க்கும். ஹீட்டர், கூலர் ரெண்டுக்கும் அதில் இடம் உண்டு. அதன் கோடைப் படித்தாலே ஒரு செமஸ்டர் பாடம். ஆனால் எந்தப் பம்ப்பை என்சி-யில் மாட்டுவது, கேன் எத்தனை லிட்டர், அம்மா எப்போது ரூட்டரை அணைப்பார் என்பதெல்லாம் எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றால் நிறம், கிராஃப், நோட்டிஃபிகேஷன் என்று நினைக்கிறோம். மாற்ற வேண்டியது இதைத்தான்.

நம்ம ரிவ்யூக்களில் இது கேட்கப்படுவதே இல்லை என்பதுதான் என் புகார். "க்ளவுட் எங்கே? ஏஐ சேர்க்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். யாராவது ஒருவர் எழுந்து வந்து சென்சார் ஒயரைப் பிடுங்கியிருக்கிறாரா? ப்ளக்கை உருவி மறுபடி மாட்டியிருக்கிறாரா? ரெண்டு நிமிஷ வேலை, பத்து மார்க் அதற்கு வைக்கலாம். மீன் தொட்டிதானே என்று விடாதீங்க. இதே கோடைத்தான் நாம் மொட்டைமாடி டேங்குக்கும், முட்டை இன்குபேட்டருக்கும் காப்பி-பேஸ்ட் செய்கிறோம்.

இப்போது என் கோடில் பின்னை முதலில் ஹை ஆக்கி, அப்புறம்தான் அவுட்புட் ஆக்குகிறேன். பூட் ஆகும்போது சலனம் இல்லாத டி1, டி2 பின்களுக்கு ரிலேயை மாற்றிவிட்டேன். வைஃபை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், கன்ட்ரோல் லூப் காத்திருக்காது. மோட்டார் ஒரு தடவைக்கு இருபது விநாடிக்கு மேல் ஓடாது. இதெல்லாம் கோடு, கோடில் நான் மறுபடியும் தப்பு செய்வேன். அதனால் பத்து லிட்டர் கேனைத் தூக்கிவிட்டு ரெண்டரை லிட்டர் கேன் வைத்தேன். அது முழுசாகக் கொட்டினாலும் உப்பளவு 35-லிருந்து 33.6-க்குத்தான் வரும். கணக்கைப் போட்டுப் பாருங்க. தினமும் காலையில் அம்மா நிரப்ப வேண்டியிருக்கிறது, திட்டிக்கொண்டே நிரப்புகிறார்.

அடுத்த ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் போர்டைக் கொண்டு வருகிறேன். ஒயரைப் பிடுங்குங்க, ரூட்டரை அணைங்க, ப்ளக்கை உருவுங்க. கேனை மட்டும் மாத்தாதீங்க.