முதலில் பொம்மை, கடைசியில் குழந்தையா?

குழந்தைகளுக்கான புது டிவி நிகழ்ச்சி ஒன்று தயார். மார்க்கெட்டிங் திட்டம் போடச் சொன்னால் பி.காம் மாணவர் முதலில் என்ன எழுதுவார்? பொம்மை, டி-ஷர்ட், டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில்! "எந்த வீட்டுக் குழந்தைக்கு இது போய்ச் சேரும், எந்த வீட்டுக் குழந்தைக்குச் சேராது?" என்ற கேள்வி கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. நான்கு 'பி'யில் 'பிளேஸ்' என்று ஒன்று இருப்பது பரீட்சையோடு மறந்துபோகிறது.

இதற்குப் பழைய உதாரணம் ஹீ-மேன். மேட்டல் கம்பெனி 1982-ல் பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தது. கார்ட்டூன் வந்தது 1983-ல்தான். பெரிய நெட்வொர்க்குகளை விட்டுவிட்டு, உள்ளூர் ஸ்டேஷன்களுக்கு நேரடியாக 65 எபிசோடுகள் விற்றார்கள். விநியோகம் என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஓடியது என்ன? அரை மணி நேர விளம்பரம்! 1984-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி விளம்பர நேர வரம்பையும் நீக்கியது. 1990-ல் சட்டம் போட்டுத்தான் வரம்பைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது: வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம்.

"வியாபாரம்னா அப்படித்தாங்க" என்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய் 1969-ஐப் பார்க்கட்டும். செசமி ஸ்ட்ரீட் குழுவிடம் இருந்தது சுமார் 80 லட்சம் டாலர். சேர வேண்டிய ஆட்கள் ஏழை வீட்டுக் குழந்தைகள். வாஷிங்டன் போன்ற ஊர்களில் கல்வி ஸ்டேஷன் யு.எச்.எஃப் அலைவரிசையில் இருந்தது. பழைய டிவிப் பெட்டிகளில் அது வராது. இவர்கள் என்ன செய்தார்கள்? எவலின் டேவிஸ் தலைமையில் ஆட்கள் ஏழைக் குடியிருப்புகளுக்கே போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். குழந்தைகள் கூடி உட்கார்ந்து பார்க்க இடங்கள் ஏற்பாடு செய்தார்கள். இதுவும் மார்க்கெட்டிங்தானே?

அதே நிகழ்ச்சி 2006-ல் 'கலி கலி சிம் சிம்' என்று இந்தியாவுக்கு வந்தது. டிவி இல்லாத வீட்டுக் குழந்தைகளை எப்படிப் பிடிப்பது? காய்கறித் தள்ளுவண்டியில் டிவியையும் டிவிடி பிளேயரையும் ஏற்றிச் சேரிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத டிஸ்ட்ரிபியூஷன் சேனல்!

"செசமி ஸ்ட்ரீட்டும் பொம்மை விற்றதே?" விற்றது. 1996-ல் எல்மோ பொம்மைக்குக் கடைகளில் அடிதடியே நடந்தது. ஆனால் நிகழ்ச்சி குழந்தைகளிடம் சேர்ந்தபின் வந்த பொம்மை அது. பொம்மையை விற்பதற்காக நிகழ்ச்சி பிறக்கவில்லை. வரிசைதான் விஷயம்.

அவர்களும் ஒருமுறை சறுக்கினார்கள். 2016 முதல் புது எபிசோடுகள் முதலில் பணம் கட்டிப் பார்க்கும் எச்.பி.ஓ-வில், இலவச பி.பி.எஸ்ஸில் ஒன்பது மாதம் கழித்து. அதாவது ஏழைக் குழந்தைக்கு ஆறிய சோறு. பணமுடை இருந்தது உண்மை. ஆனாலும் வேறு வழி இருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி: 2025-ல் நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனபோது பி.பி.எஸ்ஸிலும் அதே நாளில் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

"இப்போதுதான் யூடியூப் இருக்கிறதே, எல்லாருக்கும் போய்விடும்" என்பதும் சோம்பேறித்தனம். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் குழந்தை எதில் பார்க்கும்?

சோப்புக்குத் திட்டம் போடும்போது, வாங்குகிறவருக்கு அது விளம்பரம் என்று தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியாது. காசு கொடுப்பது அப்பா அம்மா, பார்ப்பது குழந்தை. அந்தக் குழந்தையை முதல் பக்கத்தில் எழுதுங்கள். டிபன் பாக்ஸ் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும், ஒன்றும் கெட்டுப்போகாது.