குப்பத்துக்குப் போக முடியாத பர்ஸ்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சரும் ஜி.எஸ்.டி. மன்றத்தின் தலைவருமான திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

ஆம்பூரில் சின்னக் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி, வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நீங்கள் மதுரையில் பிறந்து திருச்சியில் கல்லூரி படித்தவர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். தோல் தொழிலைப் பற்றி உங்களிடம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதியாளர்களாக இருப்பார்கள். 2025 பட்ஜெட்டில் காலணி, தோல் துறைக்கென்று தனித் திட்டம் அறிவித்தீர்கள். 22 லட்சம் பேருக்கு வேலை என்றீர்கள். வெட் ப்ளூ எனப்படும் பாதி பதனிட்ட தோலுக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டீர்கள். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை டேனரி வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல சேதி. நான் எழுத வந்தது அந்த உரையில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றி.

பகலில் ஷூ கம்பெனியில் அப்பர் எனப்படும் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துவிட்டு, ராத்திரி வீட்டில் பர்ஸும் கார்டு ஹோல்டரும் செய்து விற்கிற பெண்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். பெயர் வேண்டாம். கிலோ கணக்கில் வாங்கிய வெட்டுத் துண்டுத் தோல்தான் அவருடைய மூலப்பொருள். தழும்பும் சுருக்கமும் இல்லாத இடமாகப் பார்த்து, அட்டையை வைத்து வெட்டுகிறார். மடிக்க வேண்டிய ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிதாக்குகிறார். அதில் கை தவறினால் மடிப்பு புடைத்துக்கொண்டு நிற்கும். பல் வைத்த உளியைத் தட்டி வரிசையாகத் துளை போட்டு, மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் எதிரெதிராக விட்டு இழுக்கிறார். மெஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் பிரிந்துகொண்டே போகும். இது அப்படிப் போகாது. ஒரு பர்ஸ் 900 ரூபாய். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெங்களூர்க்காரர்கள்.

"பொழுதுபோக்காத்தான் செய்யறேன் அண்ணா, இதுக்குமா வரி?" என்று கேட்டார்.

வருமான வரியைப் பொறுத்தவரை பதில் சுலபம். பொழுதுபோக்குக்கென்று சட்டத்தில் தனி ஏற்பாடு கிடையாது. லாபத்தைச் சம்பளத்தோடு கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராதபடி நீங்களே செய்துவிட்டதால், கம்பெனிச் சம்பளமும் பர்ஸ் லாபமும் சேர்ந்தாலும் அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். விற்பனைத் தளங்கள் பிடிக்கும் டி.டி.எஸ். 0.1 சதவீதம். பான் எண் கொடுத்திருந்தால், ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாதவரை அதுவும் இல்லை.

சிக்கல் ஜி.எஸ்.டி.யில். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி ஒரு பொருள் விற்றாலும், சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இது கைவினைஞர்களின் கழுத்தைப் பிடிக்கும் என்று மன்றத்துக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது. 2017 செப்டம்பரிலேயே விலக்கு வந்தது; 2018 அக்டோபரில் அதைத் திருத்தி 56/2018 என்ற அறிவிப்பாக வெளியிட்டார்கள். கைவினைப் பொருள் என்றால் 20 லட்சம் வரை பதிவில்லாமல் வெளிமாநிலத்துக்கும் விற்கலாம். அந்த அறிவிப்பின் அட்டவணையில் பை, பர்ஸ் உள்ளிட்ட தோல் பொருள்கள் இருக்கின்றன. ஆக, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி பெங்களூருக்கு அனுப்புவது முழுக்கச் சட்டப்படி சரி. யார் எழுதினார்களோ, அவர்களுக்கு எங்கள் ஊர் சார்பில் ஒரு கும்பிடு.

அந்தக் கும்பிடு முடிவதற்குள் அடுத்த நிபந்தனை வந்துவிடுகிறது. இந்த விலக்கில் விற்பவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் போட வேண்டும். மற்ற வியாபாரிகளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல்தான் பொதுவாக அந்தக் கட்டாயம். 900 ரூபாய் பர்ஸுக்கு மட்டும் முதலிலிருந்தே. தபால்துறை கொண்டுபோகும் பொட்டலத்துக்கு இ-வே பில் தேவையில்லை என்று இ-வே பில் விதியின் இணைப்பிலேயே இருப்பதால், "கூரியர் வேண்டாம்மா, போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட் போட்டுடு" என்று சொல்லி அனுப்புகிறேன். ஒரு சட்டத்தின் இண்டு இடுக்கில் இப்படித்தான் நாங்கள் வழி தேடுகிறோம்.

வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்ததும், பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் சேரலாமா என்று கேட்டார். அங்கேதான் கதவு சாத்துகிறது. விற்பனைத் தளம் வழியாக விற்பவர் யாராக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பழைய விதி. 2023 அக்டோபர் 1 முதல் 34/2023 என்ற அறிவிப்பின்படி சிறியவர்களுக்கு அதைத் தளர்த்தினீர்கள்: பான் எண்ணைக் காட்டி ஒரு பதிவேட்டு எண் வாங்கினால் போதும். நல்லது. ஆனால் முதல் நிபந்தனையே, அப்படிப்பட்டவர் மாநிலத்துக்கு வெளியே எந்தப் பொருளும் விற்கக் கூடாது என்பது. தளம் வழியாக மட்டுமல்ல, எந்த வழியிலும்! கைவினைஞர் விலக்கு இந்த இடத்துக்கு நீளவில்லை. ஆகவே தளத்தில் சேர்ந்த நாளிலிருந்து, அதுவரை சட்டப்படி சரியாக இருந்த பெங்களூர் வாடிக்கையாளரையும் அவர் கைவிட வேண்டும்.

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். ஆம்பூருக்குச் சென்னையைவிட பெங்களூர் கிட்டம். பேரணாம்பட்டிலிருந்து மலைப்பாதை ஏறி இறங்கினால் வி.கோட்டா, ஆந்திரம். வாணியம்பாடியில் காலை டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் டிபன் நேரத்துக்கு அதே ஆந்திரத்தின் குப்பம் போய்விடலாம். தளத்தில் சேர்ந்தவர் கன்னியாகுமரிக்கு பர்ஸ் அனுப்பலாம். குப்பத்துக்கு அனுப்ப முடியாது. 'ஒரே நாடு, ஒரே வரி' என்று சொல்லித்தானே இதை எங்களிடம் கொண்டுவந்தீர்கள்?

"அப்படியானால் பதிவு செய்துகொள்ளட்டுமே" என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். செய்யலாம். இடத்துக்குச் சான்று வேண்டும், வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட மாட்டார், கரண்ட் பில்லைக் கடை ரேட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பதிவான பிறகு 40 லட்சம் வரம்பு போய்விடும். உள்ளூரில் விற்கிற பர்ஸுக்கும் வரி. ஒன்றுமே விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய். எத்தனை சதவீத வரி என்பது இன்னொரு தலைவலி. பதிவு விலக்குக்கு, பெரும்பாலும் கையால் செய்திருந்தால் அது கைவினைப் பொருள். குறைந்த வரி விகிதத்துக்கான விளக்கமோ அலங்கார வேலைப்பாடு, கலைத்தன்மை எல்லாம் கேட்கிறது. அவருடைய பர்ஸில் பூவும் இல்லை, மயிலும் இல்லை. நேரான தையல்தான் அதன் அழகு. அதற்கு 5 சதவீதமா, 18 சதவீதமா? யாரும் எனக்கு எழுத்தில் சுலபமாகப் பதில் தர மாட்டார்கள். நான் 5 என்று போட்டு நோட்டீஸ் வந்தால் கட்ட வேண்டியவர் அவர்.

விலக்கைத் தளங்களுக்கும் நீட்டினால் கைவினைஞர் என்ற பெயரில் பெரிய வியாபாரி உள்ளே நுழைந்துவிடுவான் என்று ஒரு வாதம் உண்டு. ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் அவர் எத்தனை பர்ஸ் விற்றார் என்பது அவருக்கும் அவருடைய நோட்டுப் புத்தகத்துக்கும்தான் தெரியும். விற்பனைத் தளத்திலோ பான் எண், ஆர்டர், போன ஊர், வந்த பணம் எல்லாம் பைசா சுத்தமாகப் பதிவாகின்றன. கணக்கே இல்லாத வழியில் எல்லையைத் திறந்துவிட்டு, கணக்கு முழுதாக இருக்கும் வழியில் மூடி வைத்திருக்கிறீர்கள். 20 லட்சத்தைத் தாண்டுகிறவரைத் தளமே காட்டிக்கொடுக்கும்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் போனபோது, அந்தச் செய்தி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. ஹாவேரியில் காய்கறி விற்பவருக்கு 29 லட்சம் கேட்டார்கள் என்றதும், இங்கே சிலர் ஜிபே அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரொக்கம் கேட்க ஆரம்பித்தார்கள். பயந்த வியாபாரி கணக்குக்குள் வருவதில்லை.

உங்கள் தலைமையில் 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-வது கூட்டத்தில், தளங்கள் வழியாக விற்கும் சிறியவர்களுக்கு எளிய பதிவு முறை வேண்டும் என்பதைக் கொள்கை அளவில் ஏற்றீர்கள். ஆனால் அது பல மாநிலங்களில் சரக்கை வைத்து விற்பவருக்கு, மாநிலத்துக்கு மாநிலம் முகவரி காட்டும் தொல்லையைக் குறைப்பதற்கு. இவருடைய சரக்கு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது பதிவை எளிதாக்குவது அல்ல, பதிவு தேவைப்படாமல் இருப்பது.

ஆகவே என் கோரிக்கை இது. 34/2023 அறிவிப்பின் முதல் நிபந்தனையில், 56/2018 அறிவிப்பின் அட்டவணையில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வாக்கியம் சேருங்கள். அதே கையோடு, சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் பொட்டலங்களுக்கு இ-வே பில்லை எடுத்துவிடுங்கள். பதிவுக்கும் வரி விகிதத்துக்கும் கைவினைப் பொருளுக்கு ஒரே விளக்கம் வையுங்கள். இந்த மடலின் நகலைச் சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள மாநில வணிகவரி ஆணையருக்கும் அனுப்பியிருக்கிறேன். மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

தளத்தில் சேரலாமா வேண்டாமா என்று அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மன்றத்தின் அடுத்த கூட்டம் முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவன்,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்