வலி தீர்க்கும் மாத்திரை வீடு தேடி வரட்டும்



முதியோர் நலம் பற்றிப் பேசுவோர், பல வீடுகளில் முதியவரைக் கவனிப்பவரும் முதியவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். என் மனைவிக்கு எலும்பில் பரவிய புற்றுநோய். பிள்ளைகள் வெளியூரில். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எண்பதை நெருங்கும் என் கைகளில் அதற்கு வலு இல்லை.

அதைவிடக் கொடுமை, வலி. மார்ஃபின் மாத்திரை விலை மலிவானது. அதைப் பெறுவதிலுள்ள உரிமச் சிக்கல்களைக் குறைக்கவே போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. ஆனாலும் எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் அது கிடைப்பதில்லை. மாவட்டத் தலைநகருக்குத்தான் ஓட வேண்டும். நான் போனால் அவளுக்கு யார் துணை? ‘பழக்கமாகிவிடும்’ என்று எழுதித்தரத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. உரிய அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கும் மருந்து சேர்த்துக் கொடுத்த பிறகுதான் அவள் கண்ணயர்ந்தாள்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. மருத்துவர் சீட்டின்படி மார்ஃபினும் அதே வழியில் வீட்டுக்கு வர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் இத்தகைய நோயாளிகளைச் சில நாட்கள் பார்த்துக்கொள்ளப் படுக்கைகள் ஒதுக்கினால், என்னைப் போன்றவர்கள் தள்ளிப்போட்டு வரும் கண்புரை அறுவையையாவது செய்துகொள்ள முடியும்.

– ஒரு மூத்த வாசகர், மன்னார்குடி