பாட்டி பிறந்தது எந்த வருஷம்?

இன்றைக்கு எழுபது, எண்பதைத் தாண்டிய பலரின் ஆதார் அட்டையில் பிறந்த மாதம் ஜூன் என்றுதான் இருக்கும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி அது. பள்ளி திறக்கும் மாதம் ஜூன். அவ்வளவுதான்.

அதனால் “எந்த வருஷம் பாட்டி?” என்று பேரன் கேட்டால், “அதெல்லாம் யாருக்குடா ஞாபகம்?” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிப் பார்க்கலாம். “உன் கல்யாணத்துக்கு மொய் எழுதினது அணாக் கணக்கிலயா, பைசாக் கணக்கிலயா?” நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். “அண்ணா இறந்தப்போ அப்பா கைக்குழந்தையா, நடந்தாரா?” அது 1969 பிப்ரவரி. ராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் தனுஷ்கோடி புயல் என்று சொன்னாலே போதும். 1964 டிசம்பரில் அந்த ராத்திரி யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதுவரை சொல்வார்கள். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம் என்றால், கூடக் கிளம்பி ஊர் வந்து சேராதவர்களின் பெயரும் வரும். அவர்களுக்குப் போட்டோ இருக்காது. பெயர் தெரிந்தவர் வீட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பாட்டியிடம் கேட்டால் தாத்தா பதில் சொல்வார், அது தனித் தொல்லை! அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவது உத்தமம். பாட்டியின் அம்மா பெயர் என்ன, பிறந்த வீட்டுக் குலதெய்வம் எது என்று கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

முருங்கைக்கீரை ஆயும் நேரம் இதற்குத் தோது. கை வேலையில் இருந்தால் பேச்சு தானாக வரும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். “அதைக் கொஞ்சம் அணைச்சிடு” என்றால் மறுபேச்சில்லாமல் அணைத்துவிட வேண்டும். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், “உங்கப்பனுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா...” என்று குரல் இறங்கும். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்கலாம். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு, எழுதலாம்.