எதிர்ப்பொருள் மேலே போகுமா?

2023-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி, ஜினீவா நகரத்தை அடுத்த செர்ன் ஆராய்ச்சிசாலையிலிருந்து ஒரு முடிவு வெளியாயிற்று. எதிர்ப்பொருள் என்பதும் மற்றப் பொருள்களைப் போலவே பூமியை நோக்கிக் கீழேதான் விழுகிறது என்பதே அம்முடிவு. இதைக் கேட்டவர்களில் சிலர், "இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வருஷமும் இத்தனை பணமும்? விட்டது கீழே விழும் என்பது மாங்காய் அடிக்கும் பையனுக்குக்கூடத் தெரியுமே!" என்று பரிகாசம் செய்கிறார்கள். இன்னும் சிலர், அதாவது கொஞ்சம் படித்தவர்கள், "இதைத்தான் ஐன்ஸ்டைன் 1915-லேயே சொல்லிவிட்டாரே, பிறகு பரீட்சை எதற்கு?" என்கிறார்கள். முதல் கூட்டத்தாரை விட இந்த இரண்டாவது கூட்டத்தாரின் பேச்சில்தான் நமக்கு அதிக வருத்தம். ஏனெனில், ஒரு பெரியவர் சொல்லிவிட்டார், ஆகவே பார்க்க வேண்டியதில்லை என்கின்ற பேச்சு, அந்தப் பெரியவர் விஞ்ஞானியாயிருப்பதனாலேயே அறிவுள்ள பேச்சாகிவிடாது.

எதிர்ப்பொருள் என்பது ஏதோ மாயவஸ்து அல்ல. 1928-ல் டிராக் என்னும் ஆங்கிலேயர் எலெக்ட்ரானின் நடத்தைக்கு ஒரு கணக்கு எழுதினார். அந்தக் கணக்கு அவர் கேட்காத ஒரு விடையையும் கூடவே கொடுத்தது. எலெக்ட்ரானின் எடையே உடையதும், ஆனால் மின்சாரத்தில் நேர் எதிரானதுமான ஓர் அணுத்துகள் இருக்க வேண்டும் என்பதே அது. 1932-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன் என்பவர் ஆகாயத்திலிருந்து வரும் கதிர்களைப் படமெடுத்தபோது அதையே கண்டார். அதற்குப் பாசிட்ரான் என்று பெயர். 1955-ல் புரோட்டானுக்கும் எதிர் கிடைத்தது. இவ்விரண்டையும் சேர்த்தால் எதிர் ஹைட்ரஜன். 1995-ல் செர்ன் சாலையில் உண்டானவை 9 அணுக்கள். அவை உண்டான கணத்திலேயே அழிந்தும் போயின. பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டால் இரண்டும் மறைந்து வெறும் சக்தியாகிவிடும். ஆகையால் இதை எந்தப் பாத்திரத்திலும் ஊற்றி வைக்க முடியாது. காந்தத்தினால் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும். 2011-ல் ஆல்பா என்னும் கோஷ்டியார் அப்படி 1000 விநாடி வைத்திருந்தார்கள்.

சரி, பாசிட்ரானையே கீழே விட்டுப் பார்த்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரே ஓர் எலெக்ட்ரான் இருந்தால் போதும். பூமி முழுவதும் சேர்ந்து ஒரு பாசிட்ரானை எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அந்த ஒற்றை எலெக்ட்ரானும் அவ்வளவு பலமாக அதை இழுத்துவிடும். மின்சாரத்தின் முன் பூமியின் ஆகர்ஷண சக்தி அவ்வளவு அற்பமானது. ஆகவே மின்சாரம் இல்லாத முழு அணு வேண்டியிருந்தது. அதனால்தான் இத்தனை காலம் பிடித்ததேயொழிய, ஆராய்ச்சிக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

பரீட்சை செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். மேலே ஒரு காந்தம், கீழே ஒரு காந்தம். இரண்டுக்கும் இடையே சுமார் 25 சென்டிமீட்டர். நடுவில் மிகுந்த குளிரில் நூறு அணுக்கள் அளவில் அடைத்துவைத்து, இரண்டு காந்தங்களின் பலத்தையும் 20 விநாடியில் மெதுவாகக் குறைத்தார்கள். அணுக்கள் வெளியேறி எங்கே அழிகின்றன என்று எண்ணினார்கள். அவை அமைதியாக விழும் கற்கள் அல்ல; கொதிக்கும் உலையில் அரிசி போல மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருப்பவை. ஆகவே சாதாரண ஹைட்ரஜனாக இருந்தாலும் எல்லாமே கீழ்ப்பக்கம் போய்விடாது, நூற்றுக்கு 80 போல்தான் போகும் என்பது கணக்கு. கிடைத்ததும் அதற்கு ஒத்தே இருந்தது. அத்தோடு விடவில்லை. மேலுக்கும் கீழுக்கும் காந்த பலத்தில் சுமார் 4.5 காஸ் வித்தியாசம் வைத்தால் பூமியின் இழுப்புக்கு ஈடாகிவிடும். அப்போது பாதி மேலே, பாதி கீழே போக வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கூட்டியும் குறைத்தும் பல தடவை பார்த்தார்கள். காந்தங்களின் பலமோ பத்தாயிரம் காஸ் கணக்கில்! அதில் நாலரையைச் சரிபார்த்துச் சொல்லுவது என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று பரிகாசக்காரர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அது மேலே போக வேண்டுமென்றே நாமும் உள்ளுக்குள் ஆசைப்பட்டோம். பெரியவர் ஒருவரின் கொள்கை கவிழ்ந்தால் வேடிக்கையாயிருக்குமே என்கின்ற ஆசையும், உலகத்தில் பொருள் மாத்திரம் இருக்க எதிர்ப்பொருள் எங்கே போயிற்று என்கின்ற புதிருக்கு, "ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகிப் போயிருக்கும்" என்று சுலபமான விடை கிடைக்குமே என்கின்ற ஆசையுமே அதற்குக் காரணம். நமது ஆசையைப் பற்றி அணுவுக்குக் கவலையில்லை. அது கீழே விழுந்தது. அந்தப் புதிர் தீராமலே நிற்கிறது; அதற்கு வேறு இடத்தில்தான் விடை தேட வேண்டும்.

உண்மையில் அது மேலே போகாது என்பதற்கு 1958-லேயே மாரிசன் என்பவர் நல்ல தர்க்கம் சொன்னார். பொருளைப் பூமி இழுத்து, எதிர்ப்பொருளை அதே அளவு தள்ளுமானால், இரண்டையும் ஜோடியாக மேலே தூக்கக் கூலி கிடையாது. மேலே அவற்றைச் சேர்த்து ஒளியாக்கிக் கீழே விட்டால், இறங்குகிற ஒளி சக்தி பெறும். 1960-ல் ஹார்வர்டு கோபுரத்தில் இது நேரிலேயே அளக்கப்பட்டது. கீழே மறுபடி அதே ஜோடியாக்கினால் சக்தி மிச்சம்! செலவில்லாமல் வரவு மாத்திரம் தரும் இயந்திரம் உண்டாகிவிடும். தர்க்கம் நேரானதுதான். ஆனால் தர்க்கம் பரீட்சையாகாது. இயற்கையும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதைக்கூட எல்லோரும் சந்தேகமற நம்பியிருந்தார்கள். 1956-ல் லீ, யாங் என்னும் இரு வாலிபர்கள், இதை யாராவது சோதித்ததுண்டா என்று கேட்டார்கள். அணுவின் ஒரு வகைச் சிதைவில் சோதித்தவர்களே இல்லை! ஊ என்னும் அம்மையார் கோபால்ட்டைக் கொண்டு சோதித்தார். 1957-ல் அந்த நம்பிக்கை பொய்யாயிற்று. அன்றைக்கும் "இதற்கெல்லாம் பணமா?" என்று கேட்டு நிறுத்தியிருந்தால் இன்றைக்கும் பொய்யையே பாடம் படித்துக்கொண்டிருப்போம்.

இனி உபயோகம். எதிர்ப்பொருளைக் கட்டி வண்டியை ஆகாயத்தில் மிதக்கவிடலாம் என்று கதை எழுதியவர்கள் அந்தக் கடையை மூடிவிடலாம். ராக்கெட்டுக்கு எரிபொருள் என்பவர்களுக்கு மாத்திரம் ஒரு வார்த்தை. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தழிந்தால் ஹிரோஷிமாவின் குண்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி வரும் என்பது மெய்யே. ஆனால் தோண்டி எடுக்க அதற்குச் சுரங்கம் இல்லை. நாமே சக்தியைக் கொட்டி உண்டாக்க வேண்டும். கொட்டுவதில் மிக மிகச் சொற்பமே திரும்பி வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை விட மோசமான வியாபாரம். செர்ன் சாலையில் இதுவரை செய்ததையெல்லாம் சேர்த்து அழித்தாலும் ஒரு மின்சார விளக்கு சில நிமிஷம் எரியும், அவ்வளவே. குண்டு செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

ஆனால் வேறொரு உபயோகம் நமது ஊர்களிலேயே நடக்கிறது. புற்றுநோய்க்காரர்களுக்கு எடுக்கிற பெட் ஸ்கேன் என்பதில் உள்ள முதல் எழுத்து பாசிட்ரானைத்தான் குறிக்கிறது. சர்க்கரையில் கதிர்வீசும் ஃபுளோரினைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். 110 நிமிஷத்தில் அதில் பாதி சிதைந்து பாசிட்ரான்களை விடும். புற்றுக் கட்டி சர்க்கரையை அதிகம் தின்னுகிறபடியால் அங்கே பாசிட்ரான்கள் அதிகம். ஒவ்வொன்றும் ஓர் எலெக்ட்ரானோடு சேர்ந்தழிந்து, நேர் எதிர்த் திசைகளில் இரண்டு கதிர்களை அனுப்பும். அந்தக் கோடுகள் சந்திக்கிற இடமே நோயின் இடம். டிராக் கணக்கெழுதியபோது எந்த ஆஸ்பத்திரியையும் நினைத்து எழுதவில்லை. எதிர்ப்பொருள் என்றதும் மிரளுகிறவர்களுக்கு இதையும் சொல்லுகிறோம்: நாம் தின்னும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மணி நேரத்திற்கு ஒரு பாசிட்ரான் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆல்பா கோஷ்டியார் அளந்த இழுப்பு, சாதாரண இழுப்பில் 0.75 பங்கு. இதைப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பொருள் கால்பங்கு மெதுவாக விழுகிறது" என்று சொல்லுவது தப்பு. அந்த அளவில் இருபக்கமும் 0.2 போல் பிழைக்கு இடம் இருக்கிறது. ஆகவே அது ஒன்றாகவே இருக்கலாம். மேலே போகவில்லை என்பது மாத்திரமே இதுவரை தீர்ந்தது. சரியாக ஒன்றா, சற்றே குறைவா, சற்றே அதிகமா என்பதற்கு இன்னும் குளிர்ந்த அணுக்கள் வேண்டும். லேசர் ஒளியால் எதிர் ஹைட்ரஜனைக் குளிர வைக்க முடியும் என்பதை அதே கோஷ்டியார் 2021-ல் காட்டியிருக்கிறார்கள். ஆல்பாவோடு ஜிபார், ஏஜிஸ் என்னும் வேறு இரண்டு கோஷ்டிகளும் அதே சாலையில் வெவ்வேறு வழியில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கின்றன.