நினைவகத்தின் படிகள் யாருக்காக?

2001-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இங்கிலாந்தின் அறிவியல் மேதை ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியாவுக்கு வந்தார். நரம்பு நோயால் உடல் செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, அண்டவெளியின் கணக்கைச் சொன்னவர் அவர். தில்லியின் பழைய நினைவுச் சின்னங்களைப் பார்க்க விரும்பினார். உடனே குதுப்மினார் உள்ளிட்ட சில இடங்களில் மரப்பலகைகளைக் கொண்டு தற்காலிகச் சாய்தளங்கள் போடப்பட்டன. நாற்காலி ஏறியது, மேதை பார்த்தார், நாடு மகிழ்ந்தது.

அந்த மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. ஊனமுற்றோருக்குச் சம வாய்ப்பும் முழுப் பங்கேற்பும் தர வேண்டும் என்ற சட்டத்தை நாடாளுமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றிவிட்டது. சட்டம் வந்து ஐந்தாண்டுகளாகப் போடப்படாத பலகை, ஒரு விருந்தாளி வருகிறார் என்றதும் போடப்பட்டது! பலகைக்குப் பஞ்சமில்லை, ஆணிக்குப் பஞ்சமில்லை, தச்சருக்கும் பஞ்சமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உலகப் புகழ்பெற்ற விருந்தாளிக்குக் கிடைத்த அந்தப் பலகை, தாராவியிலிருந்து பிள்ளைகளோடு அருங்காட்சியகம் பார்க்கப் போகும் காலிழந்த தொழிலாளிக்குக் கிடைக்குமா? இதுதான் நம் கேள்வி.

"ரேஷன் அட்டை கிடைக்கவில்லை, குடிசையை இடிக்கிறார்கள், கூலி பாக்கி நிற்கிறது, இந்த நேரத்தில் அருங்காட்சியகத்துக்குச் சாய்தளம் கேட்டுத் தலையங்கமா?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஊனம் என்பது எங்கோ யாருக்கோ வருவதன்று. சாரத்திலிருந்து விழுகிறவர் யார்? பிரஸ் மிஷினில் விரலைக் கொடுப்பவர் யார்? தண்டவாளத்தைக் கடக்கும்போது காலை இழப்பவர் யார்? வெல்டிங் பொறியில் கண்ணைக் கெடுத்துக்கொள்பவர் யார்? இந்த மாநகரங்களைக் கட்டி நிமிர்த்திய கைகளில்தான் விரல்கள் குறைந்திருக்கின்றன.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் உழைத்துச் சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். கைப் பெருவிரல் போனால் 30 விழுக்காடு. அந்தக் கணக்கு வேண்டியதுதான். அதற்காக நாம் போராடியிருக்கிறோம், இன்னும் போராடுவோம். ஆனால் அந்த அட்டவணை மனிதனைச் சம்பாதிக்கும் கருவியாக மட்டுமே அளக்கிறது. தன் பிள்ளைக்குச் சிந்துவெளி முத்திரையைக் காட்டி விளக்கும் இன்பத்தை இழந்தவருக்கு எத்தனை விழுக்காடு? குடும்பம் முழுவதும் உள்ளே போக, செருப்பையும் சோற்று மூட்டையையும் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்கு எத்தனை விழுக்காடு? எந்த அட்டவணையிலும் அதற்கு விடையில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. மூட்டு தேய்ந்த பாட்டி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய், நிறைமாதக் கர்ப்பிணி, கட்டுப்போட்ட காலோடு இருப்பவர் எல்லாம் இந்தக் கணக்கில் வராதவர்கள். ஆனால் படிக்கட்டைக் கண்டு மலைப்பவர்களில் அவர்களும் உண்டு.

மும்பையையே எடுத்துக்கொள்வோம். முன்பு வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என்றும் இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் என்றும் வழங்கும் அந்தக் குவிமாடக் கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1922-ஆம் ஆண்டில். ஆனால் கட்டடம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எழுந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில், முதல் உலகப் போரின்போது, அது போர்வீரர்களுக்கான மருத்துவமனையாகப் பயன்பட்டது. சிலைகளும் ஓவியங்களும் வருவதற்கு முன்பே காயம்பட்ட சிப்பாய்களுக்கு இடம் தந்த கட்டடம் அது! பழைய கட்டடம் என்று சொல்லி உடல் நலிந்தோரை ஒதுக்க நினைப்பவர்கள் அந்த வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம் மக்கள் கூட்டிப்போகும் மற்றோர் இடம் எலிஃபண்டா. 1987-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட குகைகள். படகில் போய் இறங்கியபின் நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால்தான் குகை வாசல். ஏற முடியாதவர்களை நாற்காலியில் கம்பு கட்டித் தோளில் தூக்கிச் செல்லும் டோலிக்காரர்கள் உண்டு. பணம் உள்ளவர் போகலாம். இல்லாதவர் கீழேயே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். தூக்கிச் செல்லும் தோழர்களின் பிழைப்பை நாம் குறை சொல்லவில்லை. மனிதன் மனிதனைச் சுமையாகத் தூக்கினால்தான் வரலாற்றைப் பார்க்க முடியும் என்ற நிலை, தூக்குகிறவருக்கும் மதிப்பன்று; தூக்கப்படுகிறவருக்கும் மதிப்பன்று.

நினைவகங்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. அவை சமத்துவத்துக்காக வாழ்ந்தவர்களின் பெயரால் எழுந்தவை. காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பைக்கு வரும்போதெல்லாம் தங்கிய மணிபவனில் அவர் இருந்த அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. வீடாக இருந்தது நினைவகமாயிற்று. மாடியறையைக் கீழே இறக்க முடியாதுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் தரைத்தளத்திலேயே அந்த அறையின் மாதிரியை வைக்கலாம், படமாகக் காட்டலாம், இடமிருந்தால் மின்தூக்கி வைக்கலாம். வழி தேடினால் வழி உண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6-இல் மறைந்தார். தாதர் கடற்கரையில் அவருக்கு எரியூட்டிய சைத்யபூமிக்கு ஆண்டுதோறும் அந்த நாளில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டு வருகிறார்கள். நம் சால்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் தமிழர்கள் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஊன்றுகோலோடு வரும் பெரியவருக்குத் தனி வரிசை வேண்டாமா? உட்கார நிழல் வேண்டாமா? கோயில் வாசலும் குளத்துத் தண்ணீரும் எல்லோருக்கும் பொது என்று போராடிய தலைவரின் நினைவிடத்தில் ஒருவர்கூட வாசலோடு திரும்பக்கூடாது. இந்து மில் நிலத்தில் அவருக்குப் பெரும் நினைவகம் எழுப்ப 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய புதிய கட்டடங்களில் வரைபடத்திலேயே சாய்தளமும் மின்தூக்கியும் கழிப்பறையும் இடம்பெற்றால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் இடித்துச் செய்தால்தான் பெருஞ்செலவு. இதை எந்தப் பொறியாளரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கொத்தனார்களுக்கே தெரியும்.

சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தான சறுக்குமரம் கட்டிவிட்டுக் கணக்குக் காட்டும் பழக்கமும் உண்டு. அளவு என்ன? ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். அரையடிப் படிகள் மூன்று இருந்தால் ஒன்றரையடி உயரம். அதற்குப் பதினெட்டடி நீளச் சாய்தளம் வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். கதவு ஏறத்தாழ மூன்றடி அகலமாவது திறக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் பின்னால் தள்ளுகிறவரின் நெஞ்சும் வலிக்கும், நாற்காலியும் குடைசாயும்.

படி மட்டுமே தடையன்று. பார்வையற்றவருக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலையால் என்ன பயன்? தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் ‘அனுபவ்’ என்ற பெயரில் தொட்டுணரும் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. சிலைகளின் மாதிரிகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். பிரெய்ல் எழுத்தில் குறிப்புகள் உண்டு. ஒரு கூடத்தில் முடிந்தது எல்லா அருங்காட்சியகங்களிலும் ஏன் முடியாது? காது கேளாதவருக்குச் சைகை மொழியில் விளக்கப்படம் வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் குறிப்புப் பலகை வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு வரும் தாய்மாரிடம் காவலர் எரிந்து விழாதிருக்க வேண்டும்.

இதில் நமக்கென்றே ஒரு கூடுதல் கோரிக்கையும் உண்டு. எழுதியிருப்பது எதிரிலேயே இருந்தும் படிக்க முடியாமல் நிற்கும் வேதனை புலம்பெயர்ந்து வந்த நமக்குப் புதிதன்று. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் எழுதிய பலகைக்கு முன்னால் நம் தாய்மார்கள் எத்தனை முறை மௌனமாக நின்றிருக்கிறார்கள்! கண் இருந்தும் படிக்க இயலாத அவர்களுக்கும் கண் இல்லாத பெரியவருக்கும் ஒரே மருந்து, காதில் கேட்கும் விளக்கம். அந்த ஒலி விளக்கம் தமிழிலும் இருக்கட்டும் என்று கேட்கிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் இருக்கட்டும். உழைக்க எல்லா மொழியினரும் வேண்டும். வரலாற்றைச் சொல்ல மட்டும் இரண்டு மூன்று மொழி போதுமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழு வகையாக இருந்த ஊனங்களை இருபத்தொன்றாக விரித்தது. அதன் 29-ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் சமமாகப் பங்குபெறும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. 44-ஆம் பிரிவின்படி, விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கூடாது. 45-ஆம் பிரிவின்படி, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக் கட்டடங்களும் திருத்தப்பட வேண்டும். விதிகள் வெளியானது 2017 சூனில். கெடு முடிந்தது 2022 சூனில்.

பார்வை குறைந்த ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2017-இல் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. 2024 நவம்பர் 8-இல் மேலும் ஒரு தீர்ப்பு வந்தது. அணுகல் குறித்த அரசின் 15(1)-ஆம் விதி வெறும் பரிந்துரையாக இருக்கிறது, சட்டமோ கட்டாயம் என்கிறது. ஆகவே அந்த விதி செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. "முடிந்தால் செய்" என்பதற்கும் "செய்தே தீர வேண்டும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடத்திய எந்தத் தொழிலாளியும் அறிவார்.

எதிர்வாதங்கள் வரும். பழமை கெட்டுவிடும் என்பார்கள். சுவரைத் தொடாமல் எடுத்து வைக்கக்கூடிய சாய்தளங்கள் உண்டு. 2001-இல் தில்லியில் போட்ட பலகைகளால் குதுப்மினார் சாய்ந்துவிடவில்லை. எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்பார்கள். வழியில்லாததால் வராதவர்களை, வர விருப்பமில்லாதவர்கள் என்று கணக்கெழுதுவது நியாயமா? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே போக மரப்பாதை திறந்தபோது, பல ஆண்டுகளாக அலையைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் நாற்காலியோடு வந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமுற்றது, செப்பனிட்டார்கள். கட்டினால் போதாது, பேணவும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

தோழர்களே, நம் கடமையையும் சொல்லிவிடுவோம். சங்கக் கிளைகள் விடுமுறைச் சுற்றுலா ஏற்பாடு செய்யும்போது நம் பகுதியின் மாற்றுத்திறனாளிகள் பெயரை முதலில் எழுதுங்கள். போகும் இடத்தில் படிகளை எண்ணுங்கள். சாய்தளத்தை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலி இருக்கிறதா, கழிப்பறைக்குள் அது நுழைகிறதா என்று பாருங்கள். குறையைத் தேதியோடு எழுதி அருங்காட்சியக நிருவாகத்துக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அனுப்புங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் ஆணையருக்குச் சட்டப்படி உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் உண்டு. இந்த ஊர் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளோடும் மராத்தியத் தொழிற்சங்கத் தோழர்களோடும் சேர்ந்து கேளுங்கள். இதில் வந்தேறி, மண்ணின் மைந்தன் என்ற பேதமில்லை. சாரத்திலிருந்து விழுந்தவனின் கால் எந்த மொழி பேசும்?

நம் சங்கக் கட்டடங்களும், படிப்பகங்களும், பொங்கல் விழா மேடைகளும் எப்படி இருக்கின்றன என்று முதலில் பார்ப்போம். பிறரைக் கேட்கும் முன் நம் வாசலில் ஒரு பலகை போடுவோம்.

மாநகரத்தின் அருங்காட்சியகங்களுக்குக் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள், தளம் போட்டவர்கள் உழைப்பாளிகள். அந்த வேலையில் உடல் நலிந்தவர் அந்தக் கட்டடத்துக்குள் போய்த் தம் முன்னோரின் வரலாற்றைப் பார்க்கச் சலுகை கேட்கவில்லை, உரிமை கேட்கிறார். ஒரு மேதைக்காகப் போட்ட பலகையை எல்லோருக்குமாக நிலையாகப் போடுங்கள் என்று மத்திய, மாநில அரசுகளையும் மாநகராட்சிகளையும் வலியுறுத்துகிறோம்.